காலையில் மட்டும் அடிக்கும் ஷாக்

சாக்கோட்டை துர்காதேவி ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் காபி வருவதற்குள் அவள் காது சமையலறைப் பக்கம் போய்விடும். வீட்டுக்காரி மகனுக்குப் பெண் பார்க்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். இவளும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். திடீரென்று, "ஏன்டி, ஒங்க ஃபிரிட்ஜு நிக்காமயே ஓடுதே? கதவு ரப்பரு இத்துப்போச்சா?" என்பாள். பெண் பார்த்த கதை அத்தோடு சரி. அடுத்த நிமிடம் துர்கா ஃபிரிட்ஜ் கதவு இடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு. வீட்டுக்காரி முகம் போகும் போக்கைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது.

புதுவயலில் அவளுடைய சிநேகிதி அழகி இருக்கிறாள், அரிசி மில்காரர் மனைவி. துர்கா வருகிறாள் என்று போன் வந்ததும் அழகி ஓடிப்போய் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவாள். சத்தம் கேட்டால்தானே பேச்சு வரும்? ஒருமுறை அப்படி அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறந்துபோய், உள்ளே வைத்திருந்த மீன் மறுநாள் தெருவையே கூட்டியது. விஷயம் தெரிந்து துர்கா போன் போட்டுத் திட்டினாள்: "என் வாய்க்குப் பயந்து மீன நாறவிட்டவ நீ ஒருத்திதான்டி. அணைச்சு வச்சா எனக்குத் தெரியாதாக்கும்? அதோட கம்ப்ரெஸர் ஆட்டம் கண்டு ஒரு வருசமாச்சு."

இதற்கு மூக்கை நுழைப்பது என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. வைத்துக்கொள்ளட்டும். அந்த மூக்கு எப்படி வளர்ந்தது என்று கேட்டால்தான் அவளைத் தெரியும்.

கல்யாணமான புதிதில் அவள் கணவன் மருதுபாண்டி மஸ்கட்டுக்குப் போய்விட்டான். கைக்குழந்தை கீர்த்தியோடு துர்கா தனியாக இருந்தாள். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை, காலையும் மாலையும் வீட்டு வேலை. கிரைண்டர் நின்றுபோனது. ரிப்பேர் கடைக்காரன் எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது வேறு மோட்டார், பழையது. வாங்கும்போது இருந்த ஓசை அவளுக்கு ஞாபகம் இருந்தது. இது அந்த ஓசை இல்லை. கேட்டதற்கு அவன் சொன்னான்: "ஒனக்கு என்னாக்கா தெரியும்? வீட்ல ஆம்பளைக இருந்தா வரச் சொல்லு, பேசிக்கிறேன்."

அந்த வார்த்தை அவளுக்குச் சுட்டது. மஸ்கட்டில் இருக்கும் ஆம்பளை அங்கிருந்து வந்தா இவனிடம் பேச முடியும்? அதற்குப் பிறகு அவள் வீட்டில் எந்த மெக்கானிக் கால் வைத்தாலும் பக்கத்திலேயே நிற்பாள். இது என்ன, அது எதுக்கு, இதைக் கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுக் குடைந்து எடுப்பாள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்கள். சிலர் எரிச்சலில் சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படிச் சொன்னாலும் அவளுக்கு ஏறியது. கைப்பையில் சீப்புக்கும் திருநீற்றுப் பொட்டலத்துக்கும் நடுவில், கரண்டு இருந்தால் விளக்கு எரிந்து காட்டும் ஒரு டெஸ்டர் குடியேறியது அப்போதுதான்.

எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவாள் என்று நினைக்க வேண்டாம். நாட்டரசன்கோட்டையில் சத்தியப்பிரியா வீட்டு மிக்ஸியைப் பார்த்துவிட்டு, "காயில் போச்சு, தூக்கிப் போடு" என்று ஒரே போடாகப் போட்டாள். அவர்கள் புதிது வாங்கிய பிறகு, பழைய மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் துள்ளியிருந்ததை அந்த வீட்டு வேலைக்காரம்மா ராக்காயி கண்டுபிடித்தாள். அமுக்கினாள், ஓடியது. சத்தியப்பிரியா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். துர்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "ஆமா, தப்பாத்தான் சொன்னேன். அதுக்காக வாயத் தச்சுக்கச் சொல்றியா?" என்பாள்.

வாயைத் தைத்துக்கொள்ளவில்லை. கேள்வியை மாற்றிக்கொண்டாள். என்ன கோளாறு என்று கேட்பதை விட்டுவிட்டு, "எப்ப?" என்று கேட்க ஆரம்பித்தாள். எப்ப சத்தம் வருது? எப்ப சூடாகுது? அப்ப வீட்ல வேற என்ன ஓடுது? யாரு கூட இருந்தாக? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, சாமானின் கோளாறோடு வீட்டின் கோளாறும் வெளியே வந்துவிடும். ஃபிரிட்ஜை யார் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்கள், மெஷினில் கொள்ளாத துணியை யார் திணிக்கிறார்கள், பழி மட்டும் யார் தலையில் விழுகிறது எல்லாம் தெரிந்துபோகும். சிநேகிதிகள் பயந்தது இதற்குத்தான்.

மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய மருதுபாண்டிக்கு இது பெரிய தலைகுனிவாக இருந்தது. "போன எடத்துல காப்பியக் குடிச்சமா, நாலு நல்ல வார்த்த பேசுனமா, வந்தமான்னு இருக்க மாட்டியா?" என்பான்.

"நல்ல வார்த்ததான் சொல்றேன். வெடிக்கப்போற குக்கர வெடிக்கப்போகுதுன்னு சொல்றது கெட்ட வார்த்தையா?"

"அவுக கேட்டாகளா ஒன்னைய?"

"கேக்காட்டி என்ன? காது கேக்குதுல்ல!"

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வீட்டில் கீர்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடித்தாயிற்று. இனி தாம்பாளத்தில் குங்குமமும் பூவும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக வீடுவீடாகப் போய் அழைக்க வேண்டும். முதல் வீடாகக் காரைக்குடி விசாலம் வீட்டுக்குத்தான் போவது என்று துர்கா சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி. கீர்த்தி பிறந்தபோது புருஷன் பக்கத்தில் இல்லாத குறை தெரியாமல் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் விசாலம்தான். அவள் வந்து நிற்காத கல்யாணத்தைத் துர்காவால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

வண்டியைக் கிளப்பும்போது மருதுபாண்டி சொன்னான்: "இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காத. மகளுக்கு நல்லது நடக்கப்போகுது. எனக்காக."

துர்கா யோசித்தாள். "சரி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

விசாலம் இருப்பது அவள் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே. தெருவின் இந்த முனையில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பெரிய செட்டிநாட்டு வீடு. அவள் மகன் நாராயண் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டைச் செப்பனிட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக நடத்துகிறான். பழைய அறைகளுக்குள் புதுக் குளியலறைகள் வந்திருந்தன. தூண்களுக்கு மெருகு ஏற்றியிருந்தார்கள். துர்காவும் மருதுபாண்டியும் போனது காலை நேரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

"வாங்க, வாங்க! கீர்த்திக்குக் கல்யாணமா! கொண்டா தட்ட!" என்று விசாலம் பட் பட் என்று மெத்தைச் செருப்புச் சத்தத்தோடு வந்தாள். குதிகால் வலிக்கு வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். குங்குமம் எடுத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள், பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மொத நாளே வந்துருவேன். பலகாரத்துக்கு ஆள் நான் பாத்துக்குறேன்" என்றாள். துர்காவுக்குக் கண் கலங்கியது. இதற்குமேல் என்ன வேண்டும்?

மருமகள் சௌபர்ணிகா காபி கொண்டுவந்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற பெண். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். வெறுங்கால். பாதத்தில் ஈரம். தட்டை வைத்துவிட்டு அவசரமாகப் பின்கட்டுக்குத் திரும்பினாள். துர்கா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பின்கட்டு நேராகத் தெரிந்தது. அங்கே வாஷிங் மெஷின் ஓடி முடிந்து பீப் பீப் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சௌபர்ணிகா ஒரு மரக்கழியை எடுத்தாள். மெஷினின் கதவை அந்தக் கழியால் நெம்பித் திறந்தாள். உள்ளே கையை விடாமல், விருந்தாளிகளின் வெள்ளைப் போர்வைகளை ஒவ்வொன்றாகக் கழியால் கோத்து இழுத்துப் பக்கெட்டில் போட்டாள். குளத்தில் விழுந்த துணியை எடுப்பது மாதிரி தள்ளி நின்றே எடுத்தாள்.

துர்காவுக்குத் தொண்டைக்குள் கேள்வி வந்துவிட்டது. மருதுபாண்டி அதைப் பார்த்துவிட்டான். லேசாக இருமினான். அவள் காபியைக் குடித்தாள்.

விசாலமே ஆரம்பித்தாள். "பாக்குறியா கூத்த? அவளுக்கு மெஷினு ஷாக் அடிக்குதாம். அவுக அப்பச்சி வீட்ல சீரா வந்த மெஷினுதான். கம்பெனி ஆளு ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டான், ஒண்ணுமில்லேங்குறான். நான் தொட்டுப் பாத்தேன், நாராயண் தொட்டுப் பாத்தான், யாருக்கும் அடிக்கல. இவளுக்கு மட்டும் அடிக்குமாம். அதுவும் எப்ப தெரியுமா? காலையில மட்டும்! மலையாட்டம் துணி கெடக்குற நேரம் பாத்து அடிக்குமாம்; மத்தியானம் மெக்கானிக்கு வந்தா அடிக்காதாம். என்ன நேக்குப் பாரு!" என்று சிரித்தாள்.

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டிருந்த சௌபர்ணிகா திரும்பவில்லை. ஆனால் நின்றாள்.

"வெள்ளிக்கிழம சம்பந்தி வாராக" என்று விசாலம் குரலைத் தாழ்த்தினாள், மருமகளுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும். "மெஷினையும் எடுத்துக்கிட்டு, மகளையும் கொஞ்ச நாளு கூட்டிக்கிட்டுப் போங்கன்னு சொல்லிப்புட்டேன். வேல செய்ய இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லணும். எதுக்குப் பொய்யி?"

துர்கா தம்ளரைக் கீழே வைத்தாள். மருதுபாண்டி மறுபடி இருமினான். இந்த முறை பலமாக.

அவளுக்குக் கீர்த்தி ஞாபகம் வந்தாள். கீர்த்திக்குக் கொடுக்க ஒரு வாஷிங் மெஷின் சாக்கோட்டை வீட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் நிற்கிறது. நாளைக்கு அது யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் நிற்கும். அதன் பக்கத்தில் தன் மகள் நிற்பாள். ஷாக் அடிக்குது என்று மகள் சொன்னால், அந்த வீட்டில் யாராவது எழுந்துபோய்ப் பார்ப்பார்களா? இல்லை, வேலை செய்ய இஷ்டமில்லை என்று நேராகச் சொல் என்பார்களா?  அவளுக்குக் கோபம் வந்தது.

"காலையில மட்டுமா?" என்று கேட்டாள்.

"துர்கா!" என்றான் மருதுபாண்டி.

"இருங்க." எழுந்துவிட்டாள். கைப்பையோடு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். தரை முழுக்க ஈரம். பிழிந்த தண்ணீர் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கோலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கையால் தொடாமல் புறங்கையை மட்டும் மெஷினின் எஃகுத் தொட்டி மேல் பட்டும் படாமல் வைத்தாள்.

சுருக்கென்று இழுத்தது. முழங்கை வரை ஏறியது.

"ஆத்தாடி!" என்று கையை உதறினாள். சௌபர்ணிகா அவளையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் வந்தது சந்தோஷமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "அடிச்சுச்சா ஆண்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"அடிச்சுச்சு தாயி. நல்லாவே அடிச்சுச்சு."

துர்கா மெஷினின் சுவிட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிட்டாள். ஒரு மரப்பலகையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டாள். கைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, சுவரில் இருந்த பிளக் பாயிண்டின் மூன்று ஓட்டைகளில் மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் வைத்தாள். கோளாறு இருந்தால் கரண்டைப் பூமிக்குள் இறக்கிவிட வேண்டிய எர்த் ஓட்டை அது. அதில் டெஸ்டர் எரியவே கூடாது. எரிந்தது. மெஷினே இல்லாத வெறும் சுவரில் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது.

"விசாலம், இங்குட்டு வா. வந்து பாரு. மெஷினக் கழட்டிப் போட்டாச்சு. இப்ப எரியிறது எங்கேருந்து எரியிது? ஒஞ் சம்பந்தி வீட்டு மெஷினுலேருந்தா?"

விசாலம் செருப்போடு வந்து பார்த்தாள். நாராயணும் சத்தம் கேட்டு ஓடிவந்தான். "என்ன ஆண்டி? கெஸ்ட்டு எல்லாம் இருக்காக. மெதுவாப் பேசுங்க" என்றான்.

"காலையில மட்டும் இந்த வீட்ல என்ன ஓடும் நாராயணு?"

"எல்லாந்தான் ஓடும்... கெஸ்ட்டு குளிக்கிற நேரம். கீசர் ஓடும்."

"மத்தியானம்?"

"மத்தியானம் யாரு குளிக்கிறா? கீசர ஆஃப் பண்ணிருவோம்." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது.

"இப்ப குளிச்சுக்கிட்டு இருக்காகளா?"

"மூணு ரூம்லயும்."

"மெயின அணை."

"ஐயையோ ஆண்டி, சோப்புப் போட்டுக்கிட்டு நிப்பாக! மும்பைக்காரங்க. நெட்டுல எழுதிப் போட்டுருவாங்க. ஒருக்காக் கெட்ட பேரு வந்தா அவ்வளவுதான். அரை மணி நேரம் பொறுங்க, அவுக டிபனுக்கு வந்தப்பறம்..."

"சோப்போட நின்னா கழுவிக்கலாம்டா. கெட்ட கரண்டு இந்த வீட்டு எர்த் கம்பி பூராவும் ஓடிக்கிட்டிருக்கு. எந்த ரூம்ல எந்தக் குழாயத் தொட்டா என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது."

"துர்கா, கௌம்பு" என்றான் மருதுபாண்டி. அவன் முகம் செத்துப்போயிருந்தது. "பத்திரிக வச்சாச்சு. கௌம்பு. அவுக வீடு, அவுக பாத்துக்கிருவாக."

அவள் அவனைப் பார்க்கவில்லை. முகப்புக்குப் போகும் நடையில் மெயின் போர்டு எங்கே இருக்கிறது என்று வரும்போதே பார்த்து வைத்திருந்தாள். அது அவள் பழக்கம். நேராக நடந்துபோனாள். நாராயண் குறுக்கே வந்து நின்றான். "தள்ளு" என்றாள். தள்ளவில்லை. அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மெயினை இழுத்துக் கீழே விட்டாள்.

மின்விசிறிகள் எல்லாம் ஓய்ந்தன. மாடியிலிருந்து இந்தியில் ஒரு ஆண் குரல் கத்தியது. கீழ் அறையிலிருந்து துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் தலையில் நுரையோடு எட்டிப் பார்த்தார். நாராயண் இரண்டு கையையும் குவித்து அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். துர்கா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. குளித்தவர்களை வெளியே வரவைத்து, கீசர் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு, மெயினைப் போட்டாள். பின்கட்டில் டெஸ்டர் எரியவில்லை. ஒவ்வொரு கீசராகப் போடச் சொன்னாள். முதல் அறை, எரியவில்லை. மாடி அறை, எரியவில்லை. கோடியில் இருந்த அறையின் கீசரைப் போட்டதும் பின்கட்டுச் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அந்தக் கீசரு யாரு வாங்குனது?" என்று கேட்டாள்.

நாராயண் அம்மாவைப் பார்த்தான். அதை வாங்கியது விசாலம். நல்ல கம்பெனி என்று தானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கினாள்.

"கெட்டது கீசரு. ஆனா அது கெட்டாலும் எர்த்து இருந்தா பூமிக்குள்ள போயிருக்கும். போகலயே. இந்த வீட்டு எர்த்து எங்க? முன்னாடி இங்கன மண்ணுக்குள்ள எறக்குன எர்த்துக் குழாயி ஒண்ணு இருக்குமே? சின்னப்புள்ளையில நாம வெளையாடும்போது, கோடையில ஒங்காத்தா அதுல தெனமும் ஒரு வாளி தண்ணி ஊத்தச் சொல்லுவாகளே?"

விசாலத்தின் வாய் கொஞ்சம் திறந்தது. "அந்தத் துருப்பிடிச்ச குழாயா?" என்றாள். "அசிங்கமா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கெஸ்ட்டு கால்ல இடிச்சுக்கிருவாகன்னு நாந்தான் அறுத்துப் போடச் சொன்னேன். மேல கல்லுப் பதிச்சாச்சு."

அவர்கள் நின்றுகொண்டிருந்ததே அந்தக் கல்லின் மேல்தான். பார்க்க அழகாக இருந்தது, பூவும் கொடியுமாக.

துர்கா அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் கேட்டுக்க விசாலம். நீ செருப்புப் போட்டிருக்க. ஒம் மகனும் வேலையில செருப்போடதான் நிக்கிறான். வந்த மெக்கானிக்கு ஷூ போட்டிருப்பான். இந்த வீட்ல ஈரத்துல வெறுங்காலோட நிக்கிறவ ஒருத்திதான். மாமியா முன்னாடி செருப்புப் போடக்கூடாதுன்னு நிக்கிறவ. அவளுக்கு அடிக்காம வேற யாருக்கு அடிக்கும்? பொய்யின்னு சொல்லிப்புட்டியே. உசுரு போயிருந்தா?"

விசாலத்தின் முகம் சிவந்துபோனது. மகன், மருமகள், சிநேகிதியின் புருஷன், துண்டோடு நிற்கும் விருந்தாளி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ பத்திரிக வைக்க வந்தியா, எங்குடும்பத்தச் சந்தி சிரிக்க வைக்க வந்தியா? எடுத்துக்கிட்டுப் போ ஒம் பத்திரிகைய. எனக்கு வேணாம்!"

அது துர்காவுக்கு வலித்தது. ஷாக்கைவிட வலித்தது. ஆனால் அவள் தட்டின் பக்கம் போகவில்லை. "வச்ச பத்திரிகைய எடுக்க மாட்டேன். வாரதும் வராததும் ஒன் இஷ்டம்" என்றாள். "வெள்ளிக்கிழம சம்பந்தி வரும்போது, ஒம் மருமக பொய் சொல்லலேன்னு நீயே சொல்லிரு. சொல்லலேன்னா நான் வந்து சொல்லுவேன். கூப்புடாட்டியும் வருவேன்."

 வீட்டுக்கு வந்த பிறகு மருதுபாண்டி, "மகளுக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு ஒரு நல்ல சிநேகிதத்தத் தொலச்சுப்புட்டு வந்துட்ட" என்றான்.

"தொலஞ்சா தொலஞ்சு போகட்டும்" என்றாள் துர்கா. சமையலறைக்குள் போய் அழுதாள். அழுததற்காகச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். விசாலம் அவளை "வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. சௌபர்ணிகாவைப் பெற்ற அப்பச்சியும் ஆத்தாளும் முகப்பில் விரித்த பாயின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் என்ன தப்புச் செய்தாளோ என்று பயந்து வந்த முகங்கள். பின்கட்டில் பூக்கல் உடைக்கப்பட்டுப் புதுக் குழாய் இறங்கியிருந்தது. கோடி அறைக்குப் புதுக் கீசர். மெயின் பக்கத்தில் கரண்டு கசிந்தால் தானாக விழும் சுவிட்சும் மாட்டியிருந்தார்கள். நாராயண் கெட்டிக்காரன், பயந்தாலும் வேலையை முடித்துவிட்டான்.

விசாலம் சம்பந்திகளிடம் சிரித்த முகமாகச் சொன்னாள்: "ஒண்ணுமில்ல சம்பந்தி. கரண்டுல சின்னக் கோளாறு. சரிபண்ணியாச்சு. மெஷினு நல்லாத்தான் இருக்கு. ஒங்கள அலைய வச்சதுதான் மிச்சம். இருந்து சாப்புட்டுப் போங்க."

அவ்வளவுதான். பொய் சொன்னாள் என்ற பேச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை. துர்கா வாயைத் திறந்தாள்.

அதற்குள் விசாலம் மருமகள் பக்கம் திரும்பி, "அதான் சரியாப் போச்சுல்ல, போயித் துணியப் போடும்மா. ரெண்டு நாத் துணி கெடக்கு" என்றாள்.

சௌபர்ணிகா அசையவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மொதல்ல நீங்க தொடுங்க அயித்தை" என்றாள்.

"என்னது?"

"செருப்பக் கழட்டிட்டு, ஈரத்துல நின்னு, மெஷினுக்குள்ள கைய விட்டுக் காட்டுங்க. அப்பறம் நான் போடுறேன்."

"சௌபர்ணிகா!" என்று அவள் ஆத்தாள் பதறி எழுந்தாள். அவள் அப்பச்சி, "பெரியவுககிட்ட என்ன பேச்சு இது?" என்றார். நாராயண், "நான் தொட்டுக் காட்டுறேன்" என்று முன்னால் வந்தான்.

"நீங்க இல்ல" என்றாள் சௌபர்ணிகா.   "பொய்யின்னு சொன்னது அயித்தைதான்."

எல்லோரும் துர்காவைப் பார்த்தார்கள். இந்தப் பேச்சை இவள்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று நினைத்திருப்பார்கள். சத்தியமாக அவள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து அவளே அசந்துபோய் நின்றாள்.

விசாலத்துக்குக் கோபம் வந்தது. சம்பந்திகள் முன்னால் பின்வாங்கவும் முடியவில்லை. "தொட்டா என்ன? பூதமா புடிச்சுக்கப்போகுது?" என்று விடுவிடென்று பின்கட்டுக்குப் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். சௌபர்ணிகா ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். மெஷினுக்குச் சுவிட்சைப் போட்டாள். விசாலம் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, ஈரத்தில் கால் வைத்தாள். தண்ணீர் சில்லென்று பட்டதும் அவள் வேகம் குறைந்தது. கையை நீட்டினாள். தொட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை நின்றுவிட்டது.

மெஷின் சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் காசில், அவள் கண் முன்னால் போட்ட வேலை. ஆனாலும் விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. மறுபடி நீட்டினாள். மறுபடி மடங்கின.

"பயமா இருக்குடி" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"எனக்குத் தெனமும் இப்படித்தான் இருந்துச்சு அயித்தை" என்றாள் சௌபர்ணிகா.

விசாலம் கையை எடுக்கவில்லை. நீட்டிய கையோடு, சம்பந்திகள் பார்க்க, மகன் பார்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அவள் மருமகளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"நீ சொன்னது நெசந்தான். நாந்தான் பொய்யின்னு சொன்னேன்."

விசாலம் மெஷினைத் தொட்டது அதற்கு அப்புறம்தான்.